வீடியோ விளையாட்டும் ஒரு கலையா?

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. அங்கே என் தங்கையின் இல்லத்தில் ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது. வாதி என் தங்கை. பிரதிவாதி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த அவள் மகன். சவூதியில் பணியாற்றும் மச்சான் தொலைபேசி வழியாகத் தம் தீர்ப்பை முன்னரே வழங்கிவிட்டார்: “பொறியியல் கல்லூரியில் சேரட்டும்.” பையனோ, “வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் கலையைத்தான் படிப்பேன்” என்று பிடிவாதமாக நின்றான்.

“அண்ணே, இவன் வயதில் நாமும் சினிமா பார்த்தோம். மூன்று மணி நேரத்தில் ‘வணக்கம்’ போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த விளையாட்டுக்கு முடிவென்பதே இல்லை. சோறு ஆறிப்போகிறது, கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. இதையே படிப்பாகவும் எடுத்துக்கொள்கிறேன் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?” என்றாள் தங்கை.

பையன் நிதானமாகப் பேசினான். “மாமா, படம் வரைவதைக் கலை என்கிறீர்கள். சினிமாவையும் கலை என்கிறீர்கள். இதில் ஓவியமும் இருக்கிறது, சினிமாவும் இருக்கிறது. இது மட்டும் ஏன் கலை ஆகாது?”

கேள்வி நியாயமானது. உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஒரு மாதத் தவணை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த ஒரு மாதத்தில் படித்தும், கேட்டும், அவன் அருகில் அமர்ந்து விளையாடிப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே வழக்கு நடைபெறும் வேறு இல்லங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

கூத்தாடி என்ற வசைச்சொல்

விழுப்புரத்துக்காரனாகிய எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர், 1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இதே ஊரில் பிறந்த வி. சி. கணேசன். சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் நாடகமே தம்மை வீட்டை விட்டு வெளியேறி நாடகக் கம்பெனியில் சேரத் தூண்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல். நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்கவும் வீடு கொடுக்கவும் தயங்கினார்கள். அந்தச் சிறுவன்தான் 1952-இல் ‘பராசக்தி’ வழியாகத் திரைக்கு வந்தான். 1959-இல் அதே கட்டபொம்மனாக நடித்து, 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றான். வசைச்சொல் விருதாக மாற ஒரு தலைமுறைக் காலம் போதுமானதாக இருந்தது.

சினிமாவின் கதையும் அவ்வாறே தொடங்கியது. ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். நிலையான வேலையைத் துறந்து, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். அன்று அவருடைய இல்லத்திலும் என் தங்கை வீட்டு வழக்கு நடந்திருக்கக்கூடும்! அந்தக் கூடாரத்தைக் கண்டவர்கள் அதை வேடிக்கை என்றார்களே தவிர, கலை என்று சொல்லவில்லை.

நம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டுக் குகையில் இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் இதனை ஆக்கினேன் என்ற பொருளில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அங்கே கல்வெட்டு பொறித்தான். பழகிய பொருள்களைக் கைவிட்டுப் புதிய பொருளில் படைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கலைஞனின் குரல் அது. கல்லில் செதுக்கினாலும், படச்சுருளில் பதித்தாலும், கணிப்பொறியில் வரைந்தாலும், பொருள்தான் மாறுகிறது. படைக்கும் மனம் மாறுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த குழந்தை

வீடியோ விளையாட்டு எப்போது தோன்றியது? 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர் தினத்துக்கு வருவோர் சலிப்படையாதிருக்க வேண்டும் என்று கருதிய வில்லியம் ஹிகின்பாதம் என்ற அறிவியலாளர், அலைகாட்டிக் கருவியின் சிறு வட்டத்திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். அணுகுண்டுத் திட்டத்தில் மின்னணுப் பணி செய்த கைகள் அவை! 1972-இல் ‘பாங்’, 1978-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் ‘பேக்மேன்’, 1985-இல் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ என்று அக்குழந்தை வளர்ந்தது.

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் அது நுழைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த ஒரு சிறு பெட்டி, அதில் செருகும் கேசட், மணிக்கணக்கில் வாடகை. வாசலில் அழுக்குத் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையைக் கண்டே பெற்றோர் அஞ்சினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் மிகச் சிலர். நானும் எட்டிப் பார்க்காதவர்களில் ஒருவன்தான்.

தம்பி ஓடினான், தந்தை இசையமைத்தார்

ஓவியமும் சினிமாவும் விளையாட்டும் ஒன்றோடொன்று எவ்வாறு கைகோத்தன என்பதற்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரத்தொரு இரவுகள் கதைகளின் சாயலில், ஒரு பாரசீக அரண்மனையில் நடக்கும் இவ்விளையாட்டு 1989-இல் வெளிவந்தது. இதனை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் சினிமாவின் மீது பெருங்காதல் கொண்டவர். விளையாட்டுகளில் மனித உருவங்கள் மரப்பாச்சி போல நகர்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தம் தம்பிக்கு வெள்ளை உடை அணிவித்து, ஓடவும் தாவவும் தொங்கவும் செய்து வீடியோவில் படம்பிடித்தார். அப்படத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கணிப்பொறியில் வரைந்தார். வாட்போருக்கு 1938-இல் வெளிவந்த ‘ராபின் ஹூட்’ திரைப்படத்தின் சண்டைக்காட்சியைத் துணையாகக் கொண்டார். இசையை அமைத்தவர் அவருடைய தந்தை. திரையில் அந்தச் சிறிய உருவம் பள்ளத்தைத் தாண்டி விளிம்பைப் பற்றும்போது பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். மனிதன் ஒருவன் உண்மையாகவே தாவிய தாவல் அது.

சினிமாவிடமிருந்து கடன் வாங்கிய விளையாட்டு, பின்னர் அக்கடனைத் திருப்பியும் கொடுத்தது. 2010-இல் அதே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ திரைப்படமாயிற்று. 2019-இல் ‘தி மாண்டலோரியன்’ என்ற தொலைக்காட்சித் தொடரைப் படமாக்கியபோது, நடிகர்களுக்குப் பின்னால் பெரிய ஒளித்திரைச் சுவர்களை நிறுத்தி, வீடியோ விளையாட்டு செய்வதற்கென உருவான ‘அன்ரியல்’ மென்பொருளின் துணையால் பாலைவனங்களையும் பனிமலைகளையும் அவற்றில் காட்டினார்கள். கேமரா நகரும்போது பின்னணியும் அதற்கேற்ப நகர்ந்தது. இன்று சினிமாத் துறையில் பின்னணி வரைபவரும் விளையாட்டுத் துறையில் அரங்கம் வரைபவரும் ஒரே கருவியைக் கையாள்கிறார்கள். இதனைப் பெற்றோர் கவனத்தில் கொள்ளவேண்டும்.

மறுத்தவர் தயங்கினார்

எனினும், கருவி ஒன்றாயிருப்பதாலேயே இரண்டும் கலை ஆகிவிடுமா? புகழ்பெற்ற அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலை ஆகாது என்று 2010-இல் எழுதினார். கலைஞன் தன் படைப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து நம்மை ஒரு முடிவுக்கு அழைத்துச் செல்கிறான், விளையாட்டிலோ முடிவு ஆடுபவன் கையில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயிரக்கணக்கானோர் மறுத்து எழுதினார்கள். சில மாதங்களுக்குப் பின், விளையாடிப் பார்க்காமலேயே அவ்வாறு சொல்லியிருக்கக்கூடாது என்று அவர் ஒப்புக்கொண்டார். கருத்தை முழுவதுமாக மாற்றிக்கொள்ளாவிட்டாலும், அறியாததைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன பிழையை ஏற்ற அப்பண்பு பாராட்டத்தக்கது.

2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு வீடியோ விளையாட்டுகளுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘பேக்மேன்’, ‘டெட்ரிஸ்’ உட்பட 14 விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

ஈபர்ட் குறையாகக் கண்டதை நான் வேறுவிதமாகக் காண்கிறேன். சிறுவனாக இருந்தபோது, பக்கத்து ஊர்த் திடலோரம் நின்று பாரதக் கூத்துப் பார்த்திருக்கிறேன். கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பான். கூட்டம் பதில் சொல்லும். படுகளத்தன்று துரியோதனனின் மாபெரும் மண்ணுருவம் திடலிலேயே கிடக்கும். ஊரே அதனைச் சூழ்ந்து நிற்கும். பார்ப்பவர் யார், நடிப்பவர் யார் என்று பிரித்துச் சொல்வது அரிது. தமிழ் முஸ்லிம் புலவர்களும் ‘அலிபாதுஷா நாடகம்’ போன்ற நாடகங்களைப் படைத்த மண் இது. பின்னர் வந்த சினிமா நம்மை இருளில் அமர்த்தி, வாய்மூடிப் பார்க்கச் சொன்னது. வீடியோ விளையாட்டு நம்மை மீண்டும் திடலுக்குள் அழைத்திருக்கிறது. ஆடுபவன் கையில் பொறுப்பைத் தருவதே இக்கலையின் தனித்தன்மை. அதனைக் கொண்டு ஆழமான எதையேனும் சொல்ல முடியுமா என்பதே உண்மையான கேள்வி. முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகளைக் கண்டேன்.

காஸாவின் ஒரு தந்தை

நாப்லஸ் நகரைச் சேர்ந்த ரஷீத் அபூ ஈதா என்ற பாலஸ்தீனர் 2016-இல் ‘லைலாவும் போரின் நிழல்களும்’ என்ற சிறு விளையாட்டை வெளியிட்டார். 2014-ஆம் ஆண்டுப் போரின்போது காஸாவில் தன் குடும்பத்தைக் காக்க ஓடும் ஒரு தந்தையின் கதை அது. நிழற்பாவைக்கூத்தைப் போலக் கரிய உருவங்கள், சாம்பல் நிற வானம், குண்டொலி. அத்தந்தையை இயக்குவது நம் விரல். இப்படிச் செல்வதா, அப்படிச் செல்வதா என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது, நாம் தேர்ந்தெடுக்கிறோம். எதைத் தேர்ந்தாலும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற முடிவதில்லை.

சில நிமிடங்களில் முடிந்துவிடும் இதை ஆடி முடித்தபின் நெடுநேரம் என்னால் பேச இயலவில்லை. திரைப்படத்தில் பார்த்திருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று கண்ணீர் சிந்தியிருப்பேன். இங்கே, ‘என்னால் காப்பாற்ற முடியவில்லையே’ என்ற தவிப்பு மிஞ்சியது. ஆப்பிள் நிறுவனம் இதனை விளையாட்டுப் பிரிவில் சேர்க்க முதலில் மறுத்து, செய்தி போன்ற வேறு பிரிவில் வைக்கச் சொன்னது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாட்களில் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

வெண்பாவின் சமையலறை

இரண்டாவது சான்று தமிழர் படைத்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. எண்பதுகளில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை. இதில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்கினால் கீழ்த்தட்டு இட்லி கெடாமல் ஆவி எங்கும் பரவும், புட்டுக்குழலில் எதனை முதலில் இடவேண்டும் என்று ஆடுபவர் யோசிக்கவேண்டும். சமையலறை வானொலியில், தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் வகையில் புதிதாக அமைத்த பாடல்கள் ஒலிக்கின்றன. ஓவியம், திரையிசை, விளையாட்டு மூன்றும் ஓர் அடுப்பங்கரையில் சந்திக்கின்றன!

மகன் வளர்கிறான். தமிழ் பேசக் கூச்சப்படுகிறான். தாயிடமிருந்து விலகுகிறான். பல ஆண்டுகள் கழித்து, தாயின் குறிப்பைப் பார்த்துத் தானே சமைக்க முயலும்போது அந்தத் தமிழை அவனால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. அந்த இடத்தில் அவனுடைய தடுமாற்றம் ஆடுபவரின் தடுமாற்றமாகிறது. 2024-இல் இவ்விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், தனிநிலை விளையாட்டுகளுக்கான சர்வதேச விழாவின் முதன்மை விருதையும் பெற்றது.

தவணைக் காலத்தில் ஒருநாள் என் தங்கையை அழைத்து இதனை ஆடச் செய்தோம். முதல் முறை இட்லித் தட்டைத் தவறாக அடுக்கிய மகனைப் பார்த்து, “பதினேழு வருடமாக என் இட்லியைத் தின்கிறாயே, தட்டு அடுக்கத் தெரியவில்லையா?” என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் தானே வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டிலிருக்கும் கணவரையும், வளர்ந்து வரும் மகனையும் நினைத்தாளோ என்னவோ, கதை முடிந்தபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இருவரும் பார்த்தும் பாராதவர் போல இருந்தோம்.

நஞ்சும் உண்டு

இவ்வளவு சொன்னதால், கைப்பேசியில் வருவன எல்லாம் கலை என்று பொருளாகாது. எல்லாத் திரைப்படமும் நல்ல திரைப்படம் அன்றே! ஹாலிவுட் அரபியரைக் கொடியவராகவே காட்டி வந்ததை ஜாக் ஷாஹீன் என்ற பேராசிரியர் 900-க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்து 2001-இல் நூலாக வெளியிட்டார். போர் விளையாட்டுகள் பலவும் சினிமாவின் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. திரையில் பார்ப்பதோடு நில்லாமல், பிள்ளையின் கையாலேயே சுட வைப்பதால் இதன் பாதிப்பைப் பற்றி நாம் கூடுதலாகவே யோசிக்கவேண்டும். ஒரே விளையாட்டில் நன்மையும் தீமையும் கலந்திருப்பதும் உண்டு. 2023-இல் வந்த ‘அஸாஸின்ஸ் கிரீட் மிராஜ்’, 1258-இல் மங்கோலியர் அழித்த பக்தாத் நகரை, ஒன்பதாம் நூற்றாண்டின் எழிலோடும் ஞான இல்லத்தோடும் கண்முன் நிறுத்துகிறது. அதன் வரலாற்றைப் படிக்கத் தனிப் பகுதியும் உண்டு. ஆயின் கதைநாயகனின் தொழில் மறைந்திருந்து கொல்வது. அது வளர்ந்தவர்களுக்கான விளையாட்டு.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகள் கலையும் அல்ல, விளையாட்டும் அல்ல, அவை சூது. எத்தனையோ குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய அவற்றுக்கு எதிராகத் தமிழக அரசு 2022-இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்து, பிற விளையாட்டுகளிலிருந்து அவற்றைத் தெளிவாகப் பிரித்தது. பெற்றோரும் இப்பிரிவினையை மனத்தில் கொள்ளவேண்டும்.

திரைப்படச் சான்றிதழைப் பார்ப்பது போலவே விளையாட்டின் பக்கத்தில் குறித்துள்ள 3, 7, 12, 16, 18 என்ற வயது எண்ணைப் பாருங்கள். விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பணம் கேட்கிறதா என்று பாருங்கள். நேர வரம்பு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறையேனும் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஆடிப் பாருங்கள். தொண்ணூறுகளில் நாம் விலக்கிப் பார்க்காத அந்தத் திரைச்சீலை இன்று நம் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது.

தீர்ப்பு நாள்

தவணை முடிந்து மீண்டும் திண்டிவனம் சென்றேன். மச்சானும் தொலைபேசியில் இணைந்திருந்தார். பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். நான் சொன்ன மெக்னரின் கதையைக் கேட்டபின், தன் தம்பியை மொட்டை மாடியில் ஓடவிட்டுக் கைப்பேசியில் படம்பிடித்து, ஒவ்வோர் அசைவாகப் பென்சிலால் வரைந்திருந்தான். பக்கங்களை விரலால் சரசரவென்று விட்டபோது தம்பி ஓடினான். கைலி காலில் தட்டி, ஒரு கணம் தடுமாறி, மீண்டும் ஓடினான்.

“விளையாடிக்கொண்டே இருக்கிறவனுக்கும் விளையாட்டைப் படைக்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு இந்த நோட்டில் இருக்கிறது” என்றேன். “இதற்குக் கண்ணும் கையும் பழகவேண்டும்; கணக்கும் வேண்டும், கதையும் வேண்டும். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்திலேயே, புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. முதலில் ஓவியத்தை ஒழுங்காகக் கற்கட்டும். அடித்தளம் உறுதியானால், சினிமாவுக்குப் போனாலும் விளையாட்டுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். விருதும் புகழும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் தெரிந்தே இறங்கட்டும்.”

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு மச்சான் கேட்டார்: “அந்த நோட்டை இன்னொரு தடவை கேமரா பக்கம் காட்டு, சின்னவன் ஓடுறதைப் பார்க்கணும்.”

பையன் பக்கங்களை மெதுவாகப் புரட்டினான். இரண்டு ஆண்டுகளாக இளைய மகனை நேரில் காணாத அந்த அத்தா, அவன் ஓடுவதை மூன்று முறை பார்த்தார். “விண்ணப்பம் வாங்கி நிரப்பு” என்று சொன்னார்.

தங்கை மகனிடம் திரும்பினாள். “சரி. ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் முதல் குரலுக்கே வரவேண்டும்.”

வழக்கு சமரசமாக முடிந்தது.